கத்தரியைத் திறக்கும் தசை

டம்ளரில் இருந்த தேநீரில் பாதியைப் பக்கத்து மிஷின்காரிக்கு ஊற்றலாம் என்றுதான் அவள் மணிக்கட்டை உள்பக்கமாக வளைத்தாள். விரல்கள் விரிந்துகொண்டன. சாயவேண்டிய டம்ளர் சாயாமல், நிமிர்ந்த வாக்கிலேயே நழுவித் தரையில் விழுந்து உருண்டது. தையல்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஒருத்தி ஓடிவந்து துடைத்தாள், ஒருத்தி புடவையில் தெறித்ததைத் தண்ணீர் தொட்டு அழுத்தினாள். உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்த தம்பி, விழுந்தது டம்ளர்தான், அக்கா இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. விழுந்தவளைத் தூக்கிவிடலாம், விழுவாள் என்று காத்திருப்பவனை என்ன செய்வது?

கைமுறிவுக்குப் பிறகு அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. அந்தத் தையல்கூடத்தில் துணி வெட்டுவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் பெரியக்கா. தொடங்கியபோது ஒரு மேஜையும் ஒரு மிஷினும்தான் இருந்தன. அவள் வெட்டுவாள், தம்பி தைப்பான். இன்றைக்கு மிஷின்கள் பெருகிக் கூடம் நிறைந்துவிட்டது, தம்பி முதலாளியாகிவிட்டான். வெட்டும் மேஜை மட்டும் ஜன்னலோரம் அதே இடத்தில் நின்றது. கல்யாணம், பிள்ளை என்று எதுவும் செய்துகொள்ளாதவளுக்கு அந்த மேஜைதான் எல்லாமும் என்று மற்றவர்கள் பரிதாபமாகச் சொல்வார்கள். அவளைக் கேட்டால் அதில் பரிதாபம் எங்கே வந்தது என்று திருப்பிக் கேட்பாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கிவிட்டது. வலது மேற்கையில் எலும்பு முறிந்தது. அந்த எலும்பைச் சுற்றிக் கொடிபோல ஒரு நரம்பு இறங்குகிறதாம், அதுவும் நசுங்கிப்போனது. எலும்பு சொன்ன பேச்சைக் கேட்டுக் கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. கை, வாடிய கீரைத்தண்டு மாதிரி மணிக்கட்டிலிருந்து தொங்கியது. மூடச் சொன்னால் மூடும். திறக்கச் சொன்னால் ஊமையாக இருக்கும். கத்தரி பிடிப்பவர்களுக்குத்தான் இதன் அர்த்தம் புரியும். துணியைக் கடிப்பதற்கு எவர் கையிலும் பலம் இருக்கும். கடித்த வாயை மறுபடி திறந்தால்தானே அடுத்த கடி?

பிறகு ஓர் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முன்னங்கையில் உயிரோடு இருக்கிற தசைகளில் சிலவற்றின் நாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிற்றை, அறுத்து, செத்துப்போன தசைகளின் நாணோடு கொண்டுபோய்த் தைத்தார்கள். மணிக்கட்டை வளைத்துக்கொண்டிருந்த தசை இனி விரல்களைத் திறக்கவேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த தசை இனி மணிக்கட்டைத் தூக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண் சிரித்த முகக்காரி. பெரியக்காவின் இடது கையை எடுத்து வலது முன்னங்கையின் மேல் வைத்து, விரல்களை மடக்கச் சொன்னாள். தோலுக்கடியில் ஏதோ கெட்டியாகி எலி ஓடுகிற மாதிரி ஓடியது.

"விரலை அசைக்கிற பெரிய தசையெல்லாம் விரல்ல இல்லம்மா, இங்க இருக்கு. இங்க இருந்து இழுக்குது, அங்க விரல் மடங்குது. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியவே தெரியாது."

"அப்போ நான் கதவைத் தள்றேனே, அது?"

"அதுவும் இழுக்கிறதுதான். மேற்கைக்குப் பின்னால ஒரு தசை முழங்கை எலும்பை இழுக்குது, கை நீளுது. ஒண்ணு மடக்க இழுத்தா, எதிர்ல ஒண்ணு நிமிர்த்த இழுக்கும். உங்களுக்கு எதிர்ப் பக்கம் ஆள் இல்லாம போச்சு. அதான் இந்தப் பக்கத்து ஆளை அங்க மாத்தியிருக்காங்க."

அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பாவாடை நாடாவை இழுத்தால் இடுப்பு சுருங்கும். அதே நாடாவைத் தள்ளி யாராவது இடுப்பை விரித்தது உண்டா? பிடிபடாதது வேறு. இடம் மாற்றியது தசையைத்தானே, மூளையை இல்லையே. விரலைத் திற என்று நினைத்தால் அந்த உத்தரவு பழைய விலாசத்துக்குப் போய், கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. மணிக்கட்டை வளை என்று நினைத்தால்தான் விரல் திறந்தது. பிறந்த வீட்டில் தண்ணீர் இறைத்தவளைப் புகுந்த வீட்டில் அடுப்படிக்கு அனுப்பின கதை என்று நினைத்துக்கொண்டாள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறது. பார்த்தவுடன் புது வீட்டு வேலையைச் செய்கிறது. டம்ளர் விழுந்ததும் அப்படித்தான்.

கூடத்துப் பெண்கள் கை எப்படியிருக்கிறது என்று தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பரிவை மாற்றுவதற்காகவே அவள் சாப்பாட்டு வேளையில் இடது கையில் ஒரு வேடிக்கை காட்டினாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் வளைத்தால் நடுவில் ஒரு கயிறு புடைத்துக்கொண்டு எழும். அது ஒரு தசையின் நாண். பெரிய வேலை ஒன்றும் அதற்குக் கிடையாது. சிலருக்கு அது பிறவியிலேயே இருப்பதில்லை, இல்லாததால் குறையும் இல்லை. அவளுக்கு வலது கையில் அதை எடுத்துத்தான் கட்டைவிரலைத் திறக்க வைத்திருந்தார்கள். எல்லோரும் சோற்றுக் கையோடு அவரவர் மணிக்கட்டைப் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த வெட்டுக்காரனுக்கு மட்டும் எவ்வளவு முறுக்கியும் ஒன்றும் எழவில்லை. ஒல்லியாக நெட்டையாக இருந்ததால் அவனுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஸ்கேலுக்கு உதிரிபாகமே இல்லடி. ரிப்பேர்னா அப்படியே தூக்கிப்போட வேண்டியதுதான்" என்றாள் பொத்தானுக்குக் காஜா போடுகிறவள். ஸ்கேலும் சேர்ந்து சிரித்தான். நல்ல பிள்ளை. பெரியக்காவின் மேஜையில் நிற்கிறோம் என்ற கூச்சம் அவனிடம் இருந்தது. கோபித்துக்கொள்ள வசதியில்லாத ஆளாகத் தம்பி பார்த்துப் பிடித்திருந்தான்.

ஆமாம், மேஜை ஸ்கேலுக்குப் போய்விட்டது. அவளுக்குப் பொத்தான் சரிபார்க்கும் இடம். மெத்தை வைத்த நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி, காலுக்கு ஒரு பலகைகூடத் தம்பி போட்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவன் அவன்தான். அந்தக் கை தொங்கியதைப் பார்த்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதவனும் அவன்தான். அதனால்தான் அவளுக்குச் சண்டை பிடிக்க இடமே அகப்படவில்லை. அன்பாக ஒருவன் கதவைச் சாத்தினால் எந்தப் பக்கம் தட்டுவது, சொல்லுங்கள்.

தட்டுவதற்குப் பதிலாக அவள் வெட்டுத்துணிகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் சமையலறை மேடையில் துணியை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை எடுப்பாள். கவிழ்க்கிற நினைப்பு மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். அதே நேரத்தில் வளைக்கிற நினைப்பு விரலைத் திறக்கவேண்டும். ஒரு நினைப்பு முந்தினால் இன்னொன்று முறுக்கிக்கொள்ளும். கத்தரியின் மூக்கு மேடையில் குத்தும். வெட்டினது கோழி கிளறின மாதிரி இருக்கும். "ஏண்டி, நானா உன்னைக் கட்டிக்கொடுத்தேன்? டாக்டர்தானே கட்டிக்கொடுத்தார்? வந்த இடத்துல ஒழுங்கா இரு" என்று கையைத் திட்டுவாள். பயிற்சிப் பெண், இடது கையைப் பழக்கிக்கொள்ளக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தாள். சொல்லாவிட்டாலும் அவள் பழக்கியிருக்க மாட்டாள். விட்டுக்கொடுப்பது அவள் ஜாதகத்திலேயே இல்லை.

ஒருநாள் அப்படி வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக யாரைப் பற்றியோ வம்பு சொல்ல, இவள் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பேச்சு முடிந்து குனிந்து பார்த்தால் ஒரு கோடு முழுக்க வெட்டி முடிந்திருந்தது. கத்தரி தானாகத் திறந்து மூடித் திறந்து மூடிப் போயிருக்கிறது. அடடே என்று கையைக் கவனித்தாள். கவனித்த மாத்திரத்தில் கை மறந்துபோய் நின்றுவிட்டது. அன்றைக்கு வெகுநேரம் கத்தரியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றிருந்தாள். கைக்கு வழி தெரிந்துவிட்டது. குறுக்கே நிற்பது அவள்தான்.

மழை பிசுபிசுத்த ஒரு மத்தியானம் வக்கீலம்மா வந்தாள். பழைய வாடிக்கை. கையில் கறுப்புக் கம்பளித் துணி, கோட் தைக்க. இறந்துபோன அவள் அப்பா எப்போதோ வாங்கி வைத்துத் தைக்காமலே விட்டுப்போனது. ஒரு கோட்டுக்கு மட்டும் வரும். வெட்டு ஒன்று பிசகினால் ஒட்டுப்போட இதே துணி இனி எங்கும் கிடைக்காது. வக்கீலம்மா நேராகப் பொத்தான் மேஜைக்கு வந்து, நீங்கள்தானே வெட்டுவீர்கள் என்று கேட்டாள். தம்பி விரைந்து வந்து, நல்ல ஆள் போட்டிருக்கிறோம், அக்கா இப்போது சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் என்றான்.

சும்மா என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் பொத்தான் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"நான்தான் வெட்டுறேன். வச்சிட்டுப் போங்க" என்றாள்.

வக்கீலம்மா அவள் கையைப் பார்த்தாள். முன்னங்கையில் ஓடிய தழும்பையும் பார்த்தாள். பிறகு துணியை அவள் மடியில் வைத்தாள். வாடிக்கைக்காரி குடையை விரித்துத் தெருவில் இறங்கிய பிறகுதான் தம்பி வாய் திறந்தான்.

"அது அவங்கப்பா துணிக்கா. கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

"நான்தான். வாய்க்கு ஒண்ணும் ஆகலயே எனக்கு."

"விளையாடாத. ஒரு டம்ளர் பிடிக்க முடியல உன்னால."

மிஷின்கள் மறுபடி நின்றன. அவன் சொன்ன பிறகு அவனுக்கே முகம் செத்துவிட்டது. அவள் துணியை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை கூடத்தைத் திறந்ததே அவள்தான். ஸ்கேல் வந்தபோது மேஜை துடைத்திருந்தது, கறுப்புத் துணி விரித்திருந்தது, வெள்ளைக் கோடுகள் போட்டாகிவிட்டது. நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று அவன் மெதுவாகக் கேட்டான். வேண்டாம், டீ குடித்துவிட்டு வா என்றாள். பெண்கள் வந்து அவரவர் மிஷினில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் மிதியை மிதிக்கவில்லை. அவள் கத்தரியை எடுத்தாள். முதல் கடியில் கை சமையலறையில் அடம் பிடித்தது போலவே அடம் பிடித்தது. கம்பளி கனம். திறக்கவில்லை. கழுத்தில் வியர்த்தது.

அப்போது தம்பி வந்தான்.

"அக்கா, வை கீழே."

"வைக்க மாட்டேன்."

"நான் சொல்றது உனக்காகத்தான்."

"எனக்காகன்னா நாற்காலி போட்டியே, அந்த மெத்தையைத் தூக்கி உன் தலைக்கு வச்சுக்கோ. எனக்கு நிக்கணும்."

"நீ நின்னு என்ன நிரூபிக்கப் போற? உன்னை வேலை செய்யச் சொல்லி இங்க யாரு அழுதா?"

"அழ வேண்டாம். யாரும் எனக்காக அழ வேண்டாம். யானை படுத்தாலும் குதிரை மட்டம்டா, போ."

பேச்சோடு பேச்சாகக் கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கூடம் முழுக்கப் பார்த்தது, அவள் பார்க்கவில்லை. தோள்கோடு முடிந்து அக்குள் வளைவில் இறங்கியது. ஓரிடத்தில் நூலளவு கோட்டைவிட்டு வெளியே போய், உடனே உள்ளே வந்தது. அது தையலுக்குள் போய்விடும் அளவுதான். தம்பி மட்டும் அந்த நூலளவையே பார்த்தான்.

"போகுது பார். கோணலாப் போகுது."

"போகட்டும். நீ தச்ச முதல் சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே பக்கம் இருந்துது. நான் உன்னை பொத்தான் எண்ண உக்கார வச்சேனா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பேசித் தீராது என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது போலும். மேஜைக்கு எதிர்ப்புறம் வந்து, முதுகு வெட்டு இறங்கவேண்டிய கோட்டின்மேல் தன் வலது உள்ளங்கையை விரித்து அழுத்தி வைத்தான். துணியோடு சேர்த்து மேஜையையே பிடித்து நிறுத்துகிறவன் மாதிரி.

சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அவளுடைய கை இப்போது அவள் கண்ணெதிரே இருந்தது, மறைவதற்கு ஒரு பேச்சும் இல்லாமல். மூடிய கத்தரி துணிக்குள் நின்றது. அவள் மணிக்கட்டை நினைக்கவில்லை. விரலையும் நினைக்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்தாள். கத்தரி மெல்ல, ஒரு வாய் திறக்கிற அளவு திறந்தது. முன்னால் போய் மூடியது. மறுபடி திறந்தது. கம்பளி இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வெள்ளைக் கோடு அவன் கைக்கடியில் போய் மறைகிற இடம்வரை வந்து, அவன் சதையைத் தொடாமல், திறந்த வாயோடு நின்றது.

அவள் நிமிரவில்லை, எடு என்று சொல்லவும் இல்லை. அவன் புறங்கையில் நாண்கள் ஒவ்வொன்றும் விரலிலிருந்து மணிக்கட்டுவரை விறைத்துப் புடைத்திருந்தன. அவற்றில் ஓரத்தில் இருந்த ஒன்று அசைந்தது. அவனுடைய சுண்டுவிரல் துணியைவிட்டு மேலே எழுந்தது.