கதவருகே கிடந்த செருப்பு

…இதற்கா வயிறு குலுங்கச் சிரிக்கலாமென்று மருமகன் எங்களை இழுத்துவந்தார், திரையில் ஒருவன் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு தொப்பென்று விழுகிறான், ஒருவரும் சிரிக்கவில்லை, பின்வரிசையில் யாரோ சோளப்பொரி கொறிக்கிற சத்தம்தான். திருடனாயிருந்து திருந்திய அப்பா, அது தெரியாத குடும்பம், இதுதான் கதையாம். கதை நல்ல கதைதான் கண்ணுகளா, உங்களுக்கு எடுக்கத்தான் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாளே… வீட்டுக்குப் போனதும், அப்பா அந்தக் காலத்துல என்ன வேலைம்மா பாத்தாரு என்று கேட்டுவிட்டால்? வெளியூர் வியாபாரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரிந்த அப்பா தையல் மிஷின் பழுதுபார்த்தவர், மேஜைமேல் யாரோ மறந்துவிட்டுப்போன கத்திரிக்கோலுக்காகத் தெருக்கோடிவரை ஓடினவர். அந்த அப்பா அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஒருதரம் அந்த 'வியாபாரத்துக்கு'ப் போன என் வீட்டுக்காரர் விடியற்காலையில் கனத்த பெட்டியொன்றைத் தூக்கிவந்தார், மூச்சு வாங்குகிறது, திறந்தால் உள்ளே அத்தனையும் நாடகக்காரர்களின் பொய்முடி, ஒட்டுமீசை! 'புதையல்டி, புதையல்' என்று எனக்கொரு மீசையை ஒட்டினார், கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவந்த ஆறு வயது மகளுக்கும் ஒன்று, அவள் இடுப்பில் கையை வைத்து 'யார்றா அங்க?' என்று அதட்டினாளே பார்க்கணும், மனிதர் நிஜமாகவே பரணுக்குத் தாவப் பார்த்தார்… அந்த ஒற்றை அறை, சொட்டிக்கொண்டேயிருக்கும் குழாய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு. இவ்வளவு செலவழித்த படத்தில் அது எங்கே? பயம் குடியிருக்கிற வீட்டில்தான் அப்படிச் சிரிப்பு வரும்போல. போலீஸ் கதவைத் தட்டினால் அவர் பரண்மேல், நான் பாத்திரத்தை உருட்டிவிட்டுப் போய்த் திறப்பேன், அவரு ஊர்ல இல்லீங்களே. அப்பா கண்ணாமூச்சி ஆடறாரு என்பதற்குமேல் குழந்தையிடம் சொன்னதில்லை. அவள் மூலையில் பாவாடையை அகல விரித்து உட்கார்ந்திருப்பாள், வந்தவர்கள் போனபிறகும் எழுந்திருக்கமாட்டாள், பிடிவாதக்காரி…

இதோ, திரையிலும் கதவு தட்டுகிறார்கள். அப்பன் அலமாரிக்குள், பெண்டாட்டி ஊரிலில்லை என்கிறாள், கதவுக்கு உள்பக்கம் அவன் செருப்பு மல்லாந்து கிடக்கிறது, போலீஸ்காரர் அதையே பார்க்கிறார். முதல்முறையாகக் கொட்டகை சிரிக்கிறது. 'எப்படி அத்தை!' என்று மருமகன் தொடையைத் தட்டுகிறார். மகள் சிரிக்கவில்லை. 'ச்சே, செருப்பை எடுக்காம விட்டுட்டாங்களே' என்று முனகினாள், முழங்கால்மேல் துணியை இழுத்து விரித்துவிட்டுக்கொண்டாள்.

செருப்பு… அவர் செருப்பை நான் ஒருநாளும் எடுத்ததில்லையே, பாழாய்ப்போன பதற்றத்தில் அந்த நினைப்பே வந்ததில்லையே. ஆனாலும் நான் கதவைத் திறந்தபோதெல்லாம் அது அங்கே கிடந்ததுமில்லை. அந்த விரித்த பாவாடைக்கடியில்… அடி என் தங்கமே, அப்படியானால் இத்தனை வருஷமாய் யாருக்குத் தெரியக்கூடாதென்று யார் மறைத்தது? கேட்கலாமா? கேட்டால் என்ன சொல்வாள்? விளக்குப் போடப்போகிறார்கள், இருட்டில் என் செருப்பைக் காலால் துழாவுகிறேன், காணோம்… மகளின் கால் அதை மெல்ல என் பக்கம் தள்ளுகிறது, அவள் கண் மட்டும் இன்னும் திரையில்தான் இருக்கிறது.