வினிகரை எப்போது ஊற்றுவது

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு செய்தவன்தான் இதை எழுதுகிறவனும். பருப்பு அடுப்பில் ஏறிக் கொதி வருவதற்குள், முதல் வரி கிடைக்காத யோசனையில், சாப்பிடும்போது தட்டில் ஊற்ற வேண்டிய வினிகரை வேகாத பருப்பின் தலையிலேயே ஊற்றிவிட்டான். புளிப்பு ஏறிய பருப்பு அப்புறம் வேகுமா? பானை முழுக்கக் கோலிக்குண்டுகள். முதல் வரியும் அதே பதத்தில்தான் இருந்தது.

(‘அவன்’ என்பது நான்தான். ‘நான்’ என்று எழுதினால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.)

அவனுக்கு வில்ஃப்ரீட் என்று பெயர் வைப்போம். தெற்கு ஜெர்மனியின் ஷ்வேபிய மலைமேட்டுக்காரன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

‘பனி மூடிய மலைமேட்டில், சனிக்கிழமை மதியங்களில்…’ சுற்றுலாத் துறை காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்.

‘அப்பாவின் விரல்களில் டீசல் வாசனையும் பருப்பின் மண் வாசனையும்…’ பொய். அப்பா பேருந்து ஓட்டினார், உண்மை. ஆனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அடுப்படிக்குள் கால் வைக்கமாட்டார்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். சனிக்கிழமை அப்பாவின் சமையல். எங்கள் வயல்களில் பருப்பைவிடக் கல் நன்றாக விளையும். அதனால் மேசைவிரிப்பில் பருப்பைக் கொட்டி, வில்ஃப்ரீடும் அக்கா கெர்லிண்டேயும் கல் பொறுக்குவார்கள். அதிகக் கல் பொறுக்கியவருக்குப் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. கெர்லிண்டே பாவாடைப் பையில் வெளியிலிருந்து கல் கொண்டுவருவாள்.

3

இந்த கெர்லிண்டேதான் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம். அப்பா போன பிறகு, ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் தம்பி பருப்பு சமைத்து அவளுக்குப் போடுகிறான். அப்பாவுடையது போல இருக்கிறதா என்று கேட்கிறான். அவள் சொல்வது ஒரே சொல்: “சாப்பிடலாம்.” எங்கள் ஊரில் யாரும் யாரையும் எளிதில் பாராட்டுவதில்லை, இருந்தாலும் இது அநியாயம்.

அந்த ருசி தெரிந்த நாக்கு உலகத்தில் இரண்டுதான் மிச்சம். ஒன்று, அடுத்த வாரம் மகளோடு இருக்க வடக்கே ஹாம்பர்க் நகரத்துக்குப் போகிறது. அங்கே பருப்பில் சர்க்கரை போடுகிறார்களாம். போய்விட்டால் அவன் யாரிடம்

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

4

அன்றும் நினைவு நாள்தான். கோலிக்குண்டுகளைக் கொட்டிவிட்டு இரண்டாவது பானை ஏற்றினான். பருப்போடு சாப்பிடும் நூடுல்ஸுக்காகப் பலகையில் மாவைப் பரப்பி, கத்தியால் இழை இழையாகக் கொதிநீரில் சீவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மேசைமேல் கிடந்த தாள்களை எடுத்துப் படித்தாள்.

“டேய் வில்லி, கல்லு கொண்டாந்தது நானா?”

“அது கதைதான்க்கா.”

“பாவாடைப் பையாம். உன் கால்சட்டைப் பை ஓட்டையாகி ஓட்டையாகி, அம்மா தச்சு மாளல. யாரு கொண்டாந்தாங்கன்னு அதக் கேளு.”

“சரி, மாத்திடறேன்.”

“மாத்தாத. உன் புத்தகத்த யாரு படிக்கப்போறா.”

5

வாசகரே, முடிவு உங்கள் கையில்.

(அ) முதல் வாய் வைத்ததும் அக்கா அழுகிறாள். (அப்பாவைப் புதைத்த அன்றே அழாதவள். எழுதினால் வழக்குப் போடுவாள்.)

(ஆ) ‘சாப்பிடலாம்’ என்கிறாள். ரயில் கிளம்புகிறது.

(இ)

“திங்கும்போது என்னடா எழுத்து?”

“முடிவு எழுதறேன்க்கா.”

அவள் தட்டில் வினிகரைச் சுற்றி ஊற்றினாள். சாப்பிட்டாள். கூட வைத்திருந்த சாஸேஜை ஒதுக்கிவிட்டுப் பருப்பை மட்டும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். அவன் பேனாவை மூடினான்.

“அக்கா, ஒரே ஒரு தடவ நேராச் சொல்லு. அப்பாவோடது மாதிரி இருக்கா?”

“இல்ல.”

அவன் தலையாட்டினான்.

“அப்பாவோடது பாதி நாள் அடி பிடிச்சிருக்கும்டா. மீதி நாள் உப்பு இருக்காது. நமக்குப் பசி, அதான் தெரியல. செத்த மனுசன விட்டுக்குடுக்க மனசு வரல. நீயும் வருசா வருசம் அவரோடது மாதிரி இருக்கான்னுதான் கேட்ட.”

“அப்ப நான் செஞ்சது?”

“நல்லாருக்கு. அவரோடதவிட நல்லாருக்கு. முதல் வருசத்துலேருந்தே.”