கிளைவின் முறை

இறைச்சித் தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் கிளைவ் வீட்டு இணையத்தை நிறுத்திவிட்டான், காரை வாரத்துக்கு ஒருநாள்தான் எடுத்தான், பழைய போன் நம்பரைக்கூட விட்டுவிட்டு மலிவான ஒன்றுக்கு மாறிவிட்டான். விடாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, பப்பில், ஒரு சின்ன கிளாஸ் பீர். வாரம் முழுக்க நூலகத்துக் கணினியில் விண்ணப்பம் போட்டுச் சலித்தவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? மனைவி மார்லீனே, "போய்ட்டு வா, உன் மூஞ்சியப் பாக்க முடியல" என்று அனுப்பிவைப்பாள்.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவான். ஐந்துக்குத் தானியக் கிடங்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்தால் ஆளுக்கொரு சுற்று, அதாவது தன் முறை வரும்போது எல்லோருக்கும் பீர், வாங்க வேண்டும். தன் முறை வருமுன் நழுவுகிறவனை ஊர் சாகிறவரை மறக்காது. கிடங்கில் ஆள் எடுப்பது நெவில்தான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் வேலை கிடைக்கலாம் என்பது கிளைவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு பீர் வாங்கிக் கொடுக்க வக்கில்லாதவன் எந்த முகத்தோடு போய் வேலை கேட்பது? வீம்பில் மட்டும் அவன் சிக்கனம் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. லாரிகள் வராததால் கிடங்கை நாலு மணிக்கே மூடிவிட்டார்கள். நெவிலும் அவனோடு கிடங்கில் வேலைபார்க்கும் கோர்டனும் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார்கள்.

"அடேங்கப்பா, உயிரோட இருக்கியா நீ?" என்று கோர்டன் முதுகில் ஒன்று போட்டான்.

கிளைவ் வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் நெவில் வாங்கிய பெரிய கிளாஸ் முன்னால் வந்துவிட்டது. அது முடிந்ததும் கோர்டன் வாங்கியது. கால்பந்து பற்றி என்னென்னவோ பேசினார்கள். கிளைவின் காதில் எதுவும் ஏறவில்லை. அவன் பையில் இருந்தது, திங்கட்கிழமை மின்கட்டணம் கட்டச் சொல்லி மார்லீன் கொடுத்த ஐம்பது டாலர். அடுத்தது தன் முறை. எப்படியும் அதில் கைவைக்கத்தான் போகிறோம், வேலையையும் கேட்டுவிடுவோம் என்று துணிந்தான்.

"நெவ், கிடங்குல ஏதாச்சும் வேலை இருக்கா? கூட்டச் சொன்னாலும் கூட்டுறேன்."

நெவில் கிளாஸைக் கீழே வைத்தான். "இப்ப வந்து கேக்குறியேடா! மார்ச்ல இருந்துச்சு. நிரந்தர வேலை. உனக்குன்னுதான் வச்சிருந்தேன். போன் பண்ணா நம்பரே இல்லங்குது. சரி, இங்க வந்து புடிச்சுரலாம்னு மூணு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஓடிவந்தேன். ஒவ்வொரு தடவையும் 'இப்பத்தான் போனாரு'ங்குறாங்க."

"வீட்டுக்கு வந்திருக்கலாமே?"

"பொண்டாட்டி முன்னாடி 'வேலை வேணுமா'ன்னு கேக்கச் சொல்றியா? என்னைய யாராச்சும் அப்படிக் கேட்டா நான் செத்துருவேன். நீதான் எங்கள வேணாம்னு ஒதுங்குறன்னு நெனச்சேன். நாலாவது வாரம் வேற ஆளப் போட்டுட்டேன்."

கோர்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கிளைவுக்கு ஆத்திரமாக வந்தது. நெவில்மேல் அல்ல, தன்மேல்தான். ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லாமல் அது உடனே அடங்கியும் போயிற்று.

நெவில் எழுந்தான். "உக்காரு. இதையும் நானே வாங்குறேன்."

"வேணாம்," என்றான் கிளைவ். "என் முறை."

மூன்று பெரிய கிளாஸுக்கு ஐம்பதில் பாதிக்குமேல் போய்விட்டது. சிந்தாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். மின்கட்டணப் பணத்தில் குடித்தேன் என்று மார்லீனிடம் சொல்லிவிடலாம். நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவாள். அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.