மேலாளர் வீட்டு வினிகர் காய்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஆமாஞ்சாமி என்று கூப்பிட்டால் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். சரக்கு அனுப்பும் பிரிவில் மூத்த உதவியாளர்; கிடங்குச் சாவியும் அவரிடம்தான். அந்தப் பெயரை வைத்தது கணக்குப் பிரிவு அம்மாள். ஆமாஞ்சாமிக்கு அதில் வருத்தமே இல்லை. மேலாளர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். தன் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று முதலாளியிடம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அது தன் பெயராக இருக்க வேண்டும் என்பதற்காக எதற்கு வேண்டுமானாலும் தலையாட்ட அவர் தயாராக இருந்தார். கழுத்து சுளுக்கிக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை ஒரு கண்ணாடி பாட்டிலில் வந்தது. மேலாளருக்குத் திடீரென்று சமையல் பித்துப் பிடித்திருந்தது. யாரோ ஒருவர் வெள்ளரிக்காயையும் கேரட்டையும் நறுக்கி பாட்டிலில் அடைத்து, வினிகர், தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் கொதிக்க வைத்து மேலே ஊற்றி, மறுநாளே எடுத்து ருசித்துச் சாப்பிட்டதைச் செல்போனில் பார்த்துவிட்டார். அன்றே தானும் செய்ய உட்கார்ந்தார். சர்க்கரை எதற்கு என்று அதைத் தள்ளினார். தண்ணீர் ஊற்றினால் காரியம் நீர்த்துப் போகும் என்று அதையும் தள்ளினார். வீண்செலவைக் குறைத்தே பெயர் வாங்கிய மனிதர், அடுப்படியில் மட்டும் மாறிவிடுவாரா என்ன. மிஞ்சியது வினிகரும் உப்பும்.

திங்கட்கிழமை ஆளுக்கொரு பாட்டில் கிடைத்தது. கணக்கு அம்மாள் அங்கேயே திறந்து ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"சார், இதுல பாதிக்குப் பாதி தண்ணி சேர்க்கணும். கொஞ்சம் சர்க்கரையும் போடணும். இப்படியே சாப்பிட்டா பல்லு கூசும்" என்று சொல்லி, மூடியைத் திருகி மேலாளர் மேசையிலேயே வைத்துவிட்டார்.

ஆமாஞ்சாமிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நாற்காலிக்குப் போட்டி என்று இருந்த ஒரே ஆள் தானாகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தாயிற்று. அவர் ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டார். காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதையும் அவர் வீணாக்கவில்லை.

"எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய அம்மா தம்பி வீட்டில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

வீட்டில் அவர் மனைவி பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். காயைக் குப்பையில் கொட்டினாள். வினிகரை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் குழாய்களில் படிந்திருந்த கறையைத் தேய்த்தாள். குழாய்கள் பளபளத்தன. கழுவிய காலி பாட்டிலை ஆமாஞ்சாமி மறுநாள் பத்திரமாக மேலாளரிடம் நீட்டினார்.

"அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?"

"பசங்க அடிச்சுக்கறாங்க சார்."

மேலாளருக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வாரம் பெரிய பாட்டில் வந்தது. அதுவும் காலியாகத் திரும்பியதும் அதைவிடப் பெரியது. குழாய் முடிந்து வாஷ்பேசின், வாஷ்பேசின் முடிந்து தரை என்று வீடு முழுக்கச் சுத்தமாகிக்கொண்டே போனது.

"பாதி இருக்கு, இன்னும் தீரலன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"பாதி மிச்சம்னா, பாதிதான் பிடிச்சுதுன்னு ஆயிடும். உனக்கு ஆபீஸ் விவகாரம் புரியாது."

"குப்பைத்தொட்டி நாறுறது புரியுது."

ஞாயிற்றுக்கிழமை மேலாளர் அவரை வீட்டுக்கே வரச் சொன்னார். கதவைத் திறந்த மேலாளரின் மனைவி முகத்தில் ஈரத்துண்டைக் கட்டியிருந்தார். வீடு முழுக்க வினிகர் நெடி. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, நான் ஏதாவது சொன்னா பொறாமைங்கறாரு. நீங்க சொன்னா கேட்பாரு. உள்ளதைச் சொல்லிடுங்க. இதை நம்பிப் பெரிய முடிவு ஒண்ணு எடுக்கப் போறாரு" என்றார்.

ஆமாஞ்சாமியின் காதில் பெரிய முடிவு என்பது மட்டும்தான் விழுந்தது. பெரிய முடிவு என்றால் வேறென்ன, நாற்காலிதான்.

சமையலறையில் மேலாளர் முள்ளங்கியை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். கொதித்த வினிகரை வெங்காயத்தின் மேலும் காலிஃபிளவரின் மேலும் ஊற்றினார். இருவரும் இருமி முடித்தபின், முதலிலேயே செய்து ஆற வைத்திருந்ததில் ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி நீட்டினார்.

"முகஸ்துதி வேணாம். மனசுல பட்டதைச் சொல்லுங்க. உங்க வார்த்தையை வெச்சுத்தான் நான் முடிவெடுக்கணும்."

ஆமாஞ்சாமி விழுங்கினார். தொண்டையில் தீப்பற்றியது. சமையலறை வாசல்படியில் நின்ற மேலாளரின் மனைவி அவரையே கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் பதவி கிடைக்குமா?

"சார், இதைக் கடையில வெச்சா ஜனங்க வரிசையில நிப்பாங்க. இந்தக் கை ஆபீஸ்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுட்டிருக்கறது அநியாயம் சார்."

மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை மேலாளர் முதலாளியைப் பார்த்துவிட்டு நேராக அலுவலகத்தின் நடுவில் வந்து நின்றார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை.

"ராஜினாமா கொடுத்துட்டேன். இந்தக் காயையே தொழிலா ஆரம்பிக்கப் போறேன். என் இடத்துக்கு நம்ம கணக்கு அம்மா."

மேலாளர் ஆமாஞ்சாமியின் தோளில் கை போட்டார்.

"உண்மையச் சொல்லட்டுமா? உங்க பேரைத்தான் சொல்றதா இருந்தேன். நேத்து நீங்க பேசினதும்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. இவ்வளவு ருசி தெரிஞ்ச மனுஷனைப் பெட்டி எண்ண விட்டுட்டு நான் மட்டும் கிளம்பறது துரோகம் இல்லையா? அதான் உங்களுக்கும் சேர்த்தே ராஜினாமா சொல்லிட்டேன். முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, சரின்னுட்டாரு. இனிமே நாம பங்காளிங்க."

அலுவலகமே ஆமாஞ்சாமியைப் பார்த்தது. அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. வேலை போகிறது. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான். பிறவி எடுத்ததிலிருந்து போகாத வழி.

"சார், அந்தக் காய் நல்லா இல்ல சார்."

சொல்ல ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை.

"வாயில வைக்க முடியல சார். ஒரு பாட்டிலக்கூட நாங்க சாப்பிட்டதில்ல. எல்லாத்தையும் குப்பையிலதான் கொட்டினோம். நேத்து நான் சொன்னது அத்தனையும் பொய் சார்."

மேலாளர் அவரைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, அவரை இழுத்து இறுக அணைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? நேத்து வரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல. சொந்தத் தொழில்னு ஆனதும் எப்படி மட்டம் தட்டறாரு பாருங்க. தரத்துல இப்படிப் பிடிவாதமா இருக்கற ஆள்தான் எனக்கு வேணும்."

ஆமாஞ்சாமி அவருடைய அணைப்புக்குள்ளிருந்தே கணக்கு அம்மாளை எட்டிப் பார்த்தார். "அம்மா, நான் சொல்றது நிஜம்னு நீங்களாவது சொல்லுங்க."

"நான் முதல் நாளே சொன்னேனே. அன்னைக்கு நீங்கதானே கண்ணைத் துடைச்சிட்டு நின்னீங்க" என்றார் அவர். குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. புது மேலாளருக்கு அன்று காலையிலேயே வேலை குவிந்து கிடந்தது. அவர் கையை நீட்டினார்.

"கிடங்குச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. வெளியில லாரி நிக்குது."