அணி ஆடாத ஆண்டு

ஷார்ஜாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுப் பிரிவில் பத்மாவுக்கு வேலை. 2009-ல் அங்கிருந்த அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஐந்து வயது நிறைந்தது. அதன் வரலாற்றைச் சிறு நினைவு மலராக எழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது. ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு முட்டி மோதி ஆடுவார்கள் என்பதற்கு மேல் அந்த ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் பேசினாள். முதல் ஆண்டு எல்லா ஆட்டத்திலும் தோல்வி. மறு ஆண்டு அபுதாபி அணியை ஒரே ஒருமுறை ஜெயித்திருந்தார்கள். 2006 என்றதும் பேச்சை மாற்றினார்கள். ஜெபல் அலியில் வேலையிலிருந்த பாலா மட்டும் சொன்னான்.

"செப்டம்பர் வெயில் மேடம். மூணு மணிக்கு பிராக்டிஸ். அபிலாஷ் ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். உக்காரட்டுமான்னு கேட்டான். கோச் இன்னும் பத்து ரவுண்டு ஓடுன்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

அபிலாஷ் அன்று மாலையே இறந்துபோனான். பத்தொன்பது வயது. அவன் தாய் ஜெபராணி, குமரிக் கடற்கரையிலிருந்து வந்த நர்ஸ். முவைலாவில் அவள் வீட்டைத் தேடிப் போனாள் பத்மா.

"நான் அன்னைக்கி டியூட்டியில நின்னேன்," என்றாள் ஜெபராணி. "வார்டுலேர்ந்து கீழ கேஷுவாலிட்டிக்கு கூப்பிட்டாவ. அவன் தோள்ல கட்டியிருந்த கவசத்தக்கூட கழத்தல. நானேதான் டெம்பரேச்சர் பாத்தேன். நாப்பத்திரெண்டு டிகிரி, தீயா கொதிச்சுது. பிறவு, அவனுக்கு மின்னாடியே நெஞ்சுக் கோளாறு உண்டுன்னு யுனிவர்சிட்டியில எழுதிட்டாவ. எனக்க மொவனுக்கு ஒரு கோளாறும் கெடையாது மேடம். நீங்களாவது உள்ளத எழுதுவியளா?"

"எழுதறேன் சிஸ்டர்."

மூன்று பக்கம் எழுதினாள். பிரிவுத் தலைவர் சீதாராமன் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இது மலரும்மா. போலீஸ் ரிப்போர்ட் இல்ல."

"நடந்ததுதானே சார்?"

"நடந்ததுதான். யாரு இல்லேன்னு சொன்னா? கோச் ஊருக்குப் போயாச்சு, கேஸ் மூடியாச்சு. கலாஸ், முடிஞ்சு போச்சு. இது அச்சாச்சுன்னா உங்க விசாவும் போகும், என் விசாவும் போகும்."

அந்த ஆண்டுதான் அவள் கணவனுக்கு வேலை போயிருந்தது. அவனும் பள்ளிக்குப் போகும் மகளும் அவள் விசாவில்தான் இருந்தார்கள். இரண்டு நாள் ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, '2006-ல் அணி ஆட்டங்களில் பங்கேற்கவில்லை' என்று அவளே தட்டச்சு செய்தாள்.

வேறு யார் மூலமாகவும் தெரியவேண்டாம் என்று, மலர் அச்சானதும் தானே முவைலாவுக்குக் கொண்டுபோனாள். ஜெபராணி வாசலில் நின்றபடியே புரட்டினாள்.

"பிள்ளைக்க பேரு எங்க?"

"போட விடல சிஸ்டர்."

"நீங்க எழுதவேயில்லியா?"

"எழுதினேன். அப்புறம் நானே எடுத்துட்டேன்."

ஜெபராணி திட்டுவாள், அழுவாள் என்று பத்மா எதிர்பார்த்திருந்தாள். அவளோ மலரைத் திருப்பிக் கொடுத்து, "டியூட்டிக்கு நேரமாச்சு" என்று கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

மலருக்குப் பல்கலைக்கழகத்தில் நல்ல பெயர். ஜனவரியில், கூடைப்பந்து அணியின் வரலாற்றையும் பத்மாவே எழுதட்டும் என்றார் சீதாராமன்.

சரி சார் என்றாள்.