நானூற்று எழுபத்தொன்று

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"உங்க அண்ணி கடை கேக்ல 471 போடுறாங்களாமே? அது பன்றிக் கொழுப்பாம். எங்க ஆளுங்க தொட மாட்டாங்கம்மா."

மணப்பெண் பதறியடித்துப் பேக்கரிக்கு ஓடினாள். அண்ணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டு வருஷமாகக் கேக் அடுப்போடு மல்லுக்கட்டுகிறவள். வாட்ஸ்அப் புரளிக்கெல்லாம் அசைகிற ஆளில்லை.

"471ங்கிறது எண்ணெயையும் தண்ணியையும் பிரியாம சேத்து வைக்கிற பொருள். பாமாயில்லேருந்து எடுத்தா தாராளமா ஹலால். மிருகக் கொழுப்புலேருந்தும் எடுப்பாங்க, அதுதான் சிக்கல். எதுலேருந்துன்னு நம்பர் சொல்லாது, தயாரிச்சவங்கதான் சொல்லணும். கேட்டுட்டாப் போச்சு!"

கேக்கில் வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் மார்கரினின் கம்பெனியைக் கேட்டதும், அரை மணியில் கடிதமே அனுப்பியது: முழுக்கப் பாமாயில். "பாத்தியா?" என்று நிமிர்ந்தவள் கண்ணில், கேக் நன்றாக எழும்பச் சேர்க்கும் ஜெல் டப்பா பட்டது. வழக்கமான சரக்கு கிடைக்காததால் இரண்டு மாதமாக வாங்கும் வேறு கம்பெனி. அதிலும் 471. அங்கே போனை எடுத்தவர் இழுத்தார்.

"சப்ளையைப் பொறுத்து மாறும் மேடம். மிருகக் கொழுப்பு இல்லைன்னு எழுதித் தர முடியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பேசியவள் புது டப்பா வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"யாருக்குத் தெரியப் போகுது அண்ணி? தூக்கிப் போட்டுடுங்க" என்று கிசுகிசுத்தாள் மணப்பெண்.

"எனக்குத் தெரியுமே."

பள்ளிவாசல் இமாமிடம் போனில் கேட்டாள். "தெரியாம நடந்ததுக்குக் குத்தமில்லம்மா. சந்தேகம் வந்தப்புறம் போடாதே" என்றார் அவர்.

டப்பா குப்பைக்குப் போனது. கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்: 'இரண்டு மாதமாகக் கேக்கில் சேர்த்த ஜெல் எதிலிருந்து வந்தது என்று உறுதியில்லை. நிறுத்திவிட்டேன். விசாரிக்காமல் வாங்கியது என் தவறு.'

பிறகு மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ கல்யாண கேக் யாரு செய்யிறா?"

"நான்தான். ஜெல் வேண்டாம், முட்டையை நல்லா நுரைக்க அடிச்சாப் போதும்."

"அப்படின்னா பெரிசாவே செய்ம்மா. எங்க பக்கம் கூட்டம் ஜாஸ்தி."

கேக் வழக்கத்தைவிட ஒரு விரல் குறைவாகத்தான் எழும்பியது. மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது துண்டுக்குத் தானே தட்டை நீட்டினார்.