நாலு மஞ்சள் கிளிப்

நான் கோபக்காரி. மூக்குக்கு மேல் கோபம் வரும். என் ஆறு வயது வாண்டும் என்னைப் போல ஆகிவிடக் கூடாதே என்றுதான் வீட்டில் ஒரு பழக்கம் வைத்தேன். முடிவெட்டும்போது தலையில் மாட்டும் கிளிப்புகளில் ஒன்றை, மனசில் இருப்பதற்கு ஏற்ற நிறத்தில் எடுத்து அவரவர் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் கோபம், நீலம் வருத்தம், மஞ்சள் பயம். மஞ்சள் மாட்டியவரின் கையை மற்றவர் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல் டாக்டரிடம் போகும் நாளெல்லாம் என் வீட்டுக்காரர் மஞ்சளோடுதான் அலைவார். நான் மட்டும் சிவப்பைத் தவிர எதையும் தொட்டதில்லை.

அன்றைக்கு எனக்கு முடிவெட்டும் வேலைக்கான சோதனை. ஏழு மாதமாகச் சும்மா இருந்தவள் நான். அழகு நிலையத்தின் முதலாளியம்மா, "என் தலையையே வெட்டுங்க, பார்ப்போம்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பள்ளி விடுமுறை என்பதால் வாண்டும் கூட வந்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

முடியைப் பிரித்து, கைக்கு வந்த கிளிப்புகளை மாட்டினேன். நாலும் மஞ்சள்.

வாண்டு பதறி ஓடிவந்து முதலாளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க ஆன்ட்டி. அம்மா இதுவரைக்கும் அப்பா காதை மட்டும்தான் வெட்டியிருக்காங்க. அதுவும் கொஞ்சூண்டு."

போச்சு, எல்லாம் போச்சு. கிளிப் விவகாரத்தை உளறிக்கொட்டி விளக்கினேன்.

முதலாளியம்மா கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். "பாப்பா சொல்றது சரிதான். இருபது வருஷமா ஊருக்கெல்லாம் நான்தான் வெட்டுறேன். என் தலையை இன்னொருத்தர் கையில குடுக்கப் பயமாத்தான் இருக்கு." வாண்டின் கையை அவர் விடவில்லை.

"அம்மா, உனக்கு?" என்றாள் வாண்டு.

"எனக்கும் பயம்தான்டி. இந்த வேலை கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு."

சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தேன். என் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் வாண்டு மற்றொரு கையால் என் காலைக் கட்டிக்கொண்டாள். நான் நாற்காலியைச் சுற்ற, அவள் இழுபட, முதலாளியம்மாவின் கை முறுக்கிக்கொள்ள, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கத்தரிக்கோல் இரண்டு தடவை குறி தப்பியது.

"எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டார் முதலாளியம்மா, கண்ணாடியைப் பார்க்காமலே.

வாண்டு அவர் காதருகே போனாள். "இடது பக்கம் நீளமா இருக்கு. சொன்னா அம்மா அழுவாங்க."

"அப்போ சொல்ல வேண்டாம்" என்று அவரும் எனக்குக் கேட்கும்படியே கிசுகிசுத்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வேலைக்கு வந்ததும் அவங்களே பார்த்து சரி பண்ணிடுவாங்க."

நான் அழுதுவிட்டேன்.